ஒரு புள்ளி போதுமா?

“சார், பூஜ்யம் போட்டா பூஜ்யமே வருது. இப்போ எந்தப் பக்கம் நிழல் போடணும்?”

பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி வரைபடத்தாளை நீட்டிக் கேட்டாள். ஆதிப்புள்ளி வழியாகச் செல்லும் ஒரு நேர்கோடு அதில் சுத்தமாக வரையப்பட்டிருந்தது. அச்சுகளும் அளவுத்திட்டமும் சரியாக இருந்தன. கோட்டின் இரு பக்கமும் மட்டும் வெறுமையாகக் கிடந்தன. அவளுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட முறை நான்கு படிகளில் முடிந்துவிடும். பெரிது சிறிது என்ற குறியை எடுத்துவிட்டுச் சமக்குறி போடு. கோட்டை வரை. (0, 0) என்ற புள்ளியைப் போட்டுப் பார். உண்மை வந்தால் அந்தப் பக்கம், பொய் வந்தால் மறுபக்கம். ஆதிப்புள்ளியே கோட்டின்மேல் உட்கார்ந்துகொண்டால் இந்த நான்கு படிகளும் வாயடைத்துப் போகின்றன.

‘வேறு ஒரு புள்ளியைப் போட்டுப் பார்’ என்று சொல்லி அவளை அனுப்பிவிடலாம். பல ஆண்டுகள் நான் அப்படித்தான் அனுப்பினேன். அந்தப் பதில் தவறானதும் அல்ல. ஆனால் அடுத்து வர வேண்டிய கேள்வியை அது அடைத்துவிடுகிறது. ஒரு பக்கத்தில் எண்ணற்ற புள்ளிகள் இருக்க, ஒரே ஒரு புள்ளியின் வாக்குமூலத்தை வைத்து அத்தனைக்கும் தீர்ப்பு எழுதுகிறோமே, அது எப்படிச் செல்லும்? இரு மாறிகளில் அமைந்த நேரிய சமனிலிகளை வரைபடமாக்கும் பாடத்தின் தரத்தை இந்தக் கேள்வியை உரைகல்லாக வைத்து எடைபோடலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் சொற்களைப் பற்றி. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அசமன்பாடு என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் சமனிலி என்கின்றன. எனக்கு இலங்கைச் சொல்லே உவப்பு. அசமன்பாடு என்றால் ஏதோ பழுதான சமன்பாடு என்ற தோற்றம் வருகிறது. சமனிலி தன் காலில் நிற்கிறது. அடுத்தது, பாடநூலில் ஆங்கில எழுத்துகளாக வரும் இரு மாறிகளை இங்கே க, ந என்று எழுதுகிறேன். கிடையச்சில் அளப்பது க, நிலையச்சில் அளப்பது ந. மாணவி கொண்டுவந்த கணக்கு இப்படி இருந்தது: 2க − ந ≤ 0.

ஒரு புள்ளிச் சோதனை ஏன் செல்லுபடியாகிறது என்பதை ஒரு நடையாகக் காட்டலாம். ஒரு பொதுவான சமனிலியை எடுத்து, எல்லாவற்றையும் இடப்பக்கம் கொண்டுவந்து, வலப்பக்கத்தில் பூஜ்யத்தை வையுங்கள். தளத்தில் எந்தப் புள்ளியில் நின்றாலும் இடப்பக்கத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு நேராக நடந்தால் அந்த மதிப்பு ஒரே சீராகக் கூடிக்கொண்டே போகும், அல்லது ஒரே சீராகக் குறைந்துகொண்டே போகும், அல்லது மாறாமல் இருக்கும். நடுவழியில் மனம் மாறித் திரும்பாது. மாறிகள் ஒருபடியில் மட்டும் வருவதால் அதற்கு வழியில்லை. இப்போது ஒரே பக்கத்தில் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன, ஒன்றில் மதிப்பு மிகை, மற்றதில் குறை என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிலிருந்து மற்றதற்கு நடக்கையில் எங்கேனும் மதிப்பு பூஜ்யமாகியே தீர வேண்டும். பூஜ்யமாகும் இடங்களின் தொகுப்புதான் நாம் வரைந்த கோடு. அதைக் கடக்காமலே நடந்தவர் பூஜ்யத்தைக் கடந்திருக்க முடியாது. ஆகவே ஒரு பக்கம் முழுவதற்கும் ஒரே குறி. கோட்டைக் கடந்தால், சீராக மாறும் மதிப்பு பூஜ்யத்தைத் தாண்டி எதிர்க்குறிக்குப் போய்விடும். ஆகவே மறுபக்கம் முழுவதற்கும் எதிர்க்குறி.

இந்த விளக்கத்துக்கு ஐந்து நிமிடம் போதும். இதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சிறு எடுத்துக்காட்டு இருக்கிறது: (க + ந − 4)² > 0. நான்கு படிகளைப் பின்பற்றும் மாணவர் க + ந = 4 என்ற கோட்டை வரைவார், ஆதிப்புள்ளியைப் போடுவார், 16 > 0 என்ற உண்மை கிடைக்கும், ஆதிப்புள்ளி இருக்கும் பக்கத்துக்கு நிழலிட்டு மறுபக்கத்தை வெறுமையாக விட்டுவிடுவார். விடை தவறு. கோட்டைத் தவிரத் தளம் முழுவதும் தீர்வுதான். முறை இங்கே பொய்த்ததற்குக் காரணம், வர்க்கமாக்கப்பட்ட மதிப்பு பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு அதே குறியுடன் திரும்பிவிடுகிறது. மேலே சொன்ன நடையின் உயிர்நாடி ஒருபடித்தன்மைதான் என்பது இதில் பளிச்சென்று தெரியும். ‘நேரிய’ என்ற அடைமொழிக்கு இந்தப் பாடத்தில் என்ன வேலை என்று ஒரு மாணவருக்கு உணர்த்த இதைவிடச் சிறிய கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை. அது ஒரு பாடநூலிலாவது இடம்பெற வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆக, ஒரு புள்ளிச் சோதனை சரியான முறை. அதற்கு ஒரு தனிச்சிறப்பும் உண்டு: சமனிலி எந்த வடிவில் தாறுமாறாக எழுதப்பட்டிருந்தாலும் அதை மாற்றி எழுத வேண்டியதில்லை. 5 − 2க > ந − 1 என்று கொடுத்தாலும் அப்படியே பூஜ்யங்களைப் போட்டு 5 > −1 என்று பார்த்து முடிவுக்கு வரலாம். குறிப்பிழையில் சிக்கும் மாணவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. அந்தப் பெருமையை அதனிடமிருந்து பறிக்க நான் விரும்பவில்லை.

வகுப்பறையில் அதற்குப் போட்டியாக நிற்கும் இரண்டாவது முறை, ந-வைத் தனியாகப் பிரித்து எழுதுவது. ந ≤ என்று வந்தால் கோட்டுக்குக் கீழே, ந ≥ என்று வந்தால் மேலே. பார்க்க எளிது, ஆனால் இரண்டு இடங்களில் சறுக்குகிறது. 3க − 2ந ≥ 6 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். −2 ஆல் வகுக்கும்போது குறி திரும்ப வேண்டும். திரும்பினால்தான் ந ≤ 1.5க − 3 என்று சரியாக வரும். திருப்ப மறந்தவர் மேற்பக்கத்துக்கு நிழலிடுவார். வகுக்கவே செய்யாமல், ≥ என்ற குறியைப் பார்த்தவுடன் மேற்பக்கம் என்று முடிவு கட்டுவோரும் உண்டு. இரண்டாவது சறுக்கல், க ≤ 3 போன்ற செங்குத்துக் கோடு. அங்கே பிரித்தெடுக்க ந-வே இல்லை. மேல், கீழ் என்ற சொற்களுக்கும் பொருள் இல்லை. ஒரு முறை தன் பாடத்துக்குள் வரும் ஒரு வகைக் கோடு முழுவதையும் கைவிட்டுவிடுமானால் அதை முதன்மை முறையாக வைக்க முடியாது என்பது என் கருத்து.

மூன்றாவது முறையை நம் பாடநூல்கள் பொருட்படுத்துவதில்லை. அதை வளரும் திசை முறை என்று அழைக்கிறேன். மாறிகளை ஒரு பக்கமும் மாறிலியை மறுபக்கமுமாக எழுதிவிட்டு ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: இடப்பக்கம் எந்தத் திசையில் போனால் வளர்கிறது? 3க − 2ந-வில் வலப்புறம் ஓரடி வைத்தால் மூன்று கூடுகிறது. மேலே ஓரடி வைத்தால் இரண்டு குறைகிறது. ஆகவே கீழே வைத்தால் இரண்டு கூடுகிறது. வலமும் கீழும் சேர்ந்த திசைதான் வளரும் திசை. நமக்கு வேண்டியது பெரியது, ஆகவே கோட்டிலிருந்து அந்தத் திசையில் ஓர் அம்புக்குறி. மாணவியின் கணக்கான 2க − ந ≤ 0-இல் வலப்புறம் போனால் இரண்டு கூடும், மேலே போனால் ஒன்று குறையும். வேண்டியது சிறியது, ஆகவே இடமும் மேலும் சேர்ந்த பக்கம். ஆதிப்புள்ளி கோட்டின்மேல் இருப்பது இங்கே ஒரு பொருட்டே இல்லை. செங்குத்துக் கோட்டுக்கும் கிடைக்கோட்டுக்கும் தனி விதி தேவையில்லை.

இதற்கு எதிராக ஒரு நியாயமான தடை உண்டு. இது திசையன் கருத்தல்லவா, பதினோராம் வகுப்பின் தொடக்கத்தில் மாணவர் அதைப் படித்திருக்க மாட்டாரே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். குணகங்கள் இரண்டையும் சேர்த்தால் கோட்டுக்குச் செங்குத்தான திசையன் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மேலே நான் சொன்னதில் திசையன் என்ற சொல்லே வரவில்லை. ஓரடி வைத்தால் எவ்வளவு கூடும் என்ற கேள்விக்கு எட்டாம் வகுப்பு இயற்கணிதமே போதும். இன்னொரு தடை இதைவிட வலுவானது: மாறிகளை ஒரு பக்கம் கொண்டுவரும் வேலையில் குறிப்பிழை நேரலாம். அதை மறுக்க மாட்டேன். அந்த இடத்தில்தான் ஒரு புள்ளிச் சோதனை தன் உண்மையான வேலைக்குத் திரும்புகிறது. முடிவெடுப்பது வளரும் திசை. அதைச் சரிபார்ப்பது ஒரு புள்ளி. இப்போது வகுப்பறையில் நடப்பது முடிவெடுப்பும் சரிபார்ப்பும் ஒரே புள்ளியின் தலையில் ஏற்றப்படுவது. அதனால் தவறு நேர்ந்தால் அதைக் கண்டுபிடிக்க இரண்டாவது சாட்சி இல்லை.

கோட்டின் வகை பற்றிச் சுருக்கமாக. சமமும் சேர்ந்த குறிக்குத் தொடர்கோடு, சமம் சேராத குறிக்கு விட்டுவிட்டு வரையும் கோடு என்பது எல்லாருக்கும் தெரிந்த மரபு. பெரிது, சிறிது என்ற குறிகள் கணித அறிஞர் தாமஸ் ஹாரியட் இறந்து பத்தாண்டுகளுக்குப் பின் 1631-இல் வெளியான அவருடைய நூலில் முதன்முதலாக அச்சேறின. சமக்குறியைச் சேர்த்தெழுதும் வழக்கம் அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து, பிரெஞ்சு அறிஞர் பியர் பூகேயின் கையில் வந்தது. அந்தச் சின்னக் கோட்டின் பாரம் எவ்வளவு என்பதைக் கீழே வரும் மேசை நாற்காலிக் கணக்கு காட்டும்.

நிழலிடுவது பற்றி நீண்ட நாள் கருத்து வேறுபாடு ஒன்று உண்டு. நம் பாடநூல்கள் வேண்டிய பகுதிக்கு நிழலிடுகின்றன. கேம்பிரிட்ஜ் பன்னாட்டுத் தேர்வின் பாடத்திட்டமோ, வினாத்தாள் வேறு மாதிரிச் சொன்னாலன்றி வேண்டாத பகுதிக்கே நிழலிடச் சொல்கிறது. ஒரே படம் இரண்டு இடங்களில் எதிரெதிர்ப் பொருளைத் தரும். பள்ளி மாறும் பிள்ளைகள் இதில் படும் அவதி கொஞ்சநஞ்சம் அல்ல. எது சிறந்தது? ஒரே ஒரு சமனிலி என்றால் வேண்டிய பகுதிக்கு நிழலிடுவதே இயல்பு. மூன்று நான்கு சமனிலிகள் சேரும்போது கதை மாறுகிறது. ஒவ்வொன்றின் தீர்வுக்கும் பென்சிலால் கோடு கீறினால், எல்லாம் ஒன்றுசேரும் இடம் கருமையாகி, மூலைப்புள்ளிகளைப் படிக்கவே முடியாமல் போகிறது. நமக்கு மிகத் தேவையான இடம்தான் மிக அதிகமாக அழுக்காகிறது. டெஸ்மாஸ் போன்ற கணினிக் கருவிகளிலும் இதே நிலைதான். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கலங்குகின்றன. வேண்டாததை மறைத்தால் வேண்டிய இடம் வெள்ளையாக, தெளிவாக எஞ்சும். அந்த வகையில் கேம்பிரிட்ஜ் மரபுக்கு நியாயம் இருக்கிறது. ஆனாலும் அதைவிட நல்ல வழி, கோட்டுக்குக் கோடு சிறு அம்புக்குறி மட்டும் போட்டு, கடைசியில் பொதுப்பகுதிக்கு ஒருமுறை மெல்லிய நிழல் இடுவது. நிழலின் பொருள் என்ன என்று அதன் நடுவிலேயே ‘தீர்வுப் பகுதி’ என்று எழுதிவிட்டால் எந்த மரபுக்காரரும் தடுமாற மாட்டார்.

இனி இந்தப் பாடம் எதற்காக இருக்கிறதோ அந்த இடத்துக்கு வருவோம். என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்பு நூலில் நேரியல் திட்டமிடல் பாடம் ஒரு மரச்சாமான் வியாபாரியைக் கொண்டு தொடங்குகிறது. அவர் கையில் 50,000 ரூபாய். கடையில் 60 சாமான்கள் வைக்க இடம். மேசையின் கொள்முதல் விலை 2500, நாற்காலியின் விலை 500. மேசைக்கு 250 ரூபாயும் நாற்காலிக்கு 75 ரூபாயும் லாபம். க மேசைகள், ந நாற்காலிகள் என்றால் பணத்தின் கட்டுப்பாடு 5க + ந ≤ 100, இடத்தின் கட்டுப்பாடு க + ந ≤ 60. இரண்டு எண்ணிக்கைகளும் குறையெண் ஆகா. வரைந்தால் நான்கு மூலைகள் கொண்ட பகுதி கிடைக்கும். மூலைகளில் லாபத்தைக் கணக்கிட்டால் (0, 0)-இல் ஒன்றுமில்லை, (20, 0)-இல் 5000, (10, 50)-இல் 6250, (0, 60)-இல் 4500. ஆகவே பத்து மேசை, ஐம்பது நாற்காலி. தேர்வில் முழு மதிப்பெண்.

இதே படத்தை வளரும் திசையோடு பாருங்கள். லாபம் வலப்புறம் ஓரடிக்கு 250, மேலே ஓரடிக்கு 75 என்று வளர்கிறது. சுருக்கினால் 10-க்கு 3 என்ற சாய்வில் ஓர் அம்பு. பணக்கோட்டின் அம்பு 5-க்கு 1. இடக்கோட்டின் அம்பு 1-க்கு 1. லாபத்தின் அம்பு இந்த இரண்டு அம்புகளுக்கும் நடுவே விழுகிறது. (10, 50) ஏன் சிறந்தது என்பதற்கு முழுக் காரணமும் அதுதான். ஒரே லாபம் தரும் புள்ளிகளை இணைக்கும் கோட்டை லாபத்தின் அம்பு காட்டும் திசையிலேயே தள்ளிக்கொண்டு போனால் கடைசியாகத் தொடும் இடம் அந்த இரண்டு கோடுகளும் சந்திக்கும் மூலை. மூலைகளின் அட்டவணை விடையை மட்டும் தந்தது. இந்தப் பார்வை விடையின் உறுதியையும் தருகிறது. நாற்காலியின் லாபம் 75 ரூபாயாகவே இருக்க, மேசையின் லாபம் மாறினால் வியாபாரி கொள்முதலை மாற்ற வேண்டுமா? மேசையின் லாபம் 75-க்கும் 375-க்கும் இடையில் எங்கே இருந்தாலும் அம்பு அந்த இடைவெளிக்குள்ளேயே இருக்கும். பத்து மேசை, ஐம்பது நாற்காலி என்ற முடிவு அசையாது. சரியாக 375 ஆனால் (10, 50)-இலும் (20, 0)-இலும் 7500 ரூபாய் என்று சமமாகி, அந்த விளிம்பு முழுவதும் ஒரே லாபத்தைத் தரும். அதைத் தாண்டினால் மேசைகள் மட்டும். கடைக்காரருக்கு 6250 என்ற எண்ணைவிட இந்தச் செய்தி பன்மடங்கு பயனுள்ளது. மூலை அட்டவணையில் இது தென்படுவதே இல்லை.

கோட்டின் வகையும் இங்கேதான் உயிர் பெறுகிறது. பணக்கட்டுப்பாட்டைச் சமம் சேராத குறியோடு எழுதி, எண்ணிக்கைகள் பின்னமாகவும் இருக்கலாம் என்று கொண்டால், லாபம் 6250-ஐ எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கும், ஒருபோதும் எட்டாது. அப்போது மீப்பெரு லாபம் என்று ஒன்று கிடையாது. குறிக்கு அடியில் இழுக்கும் அந்தச் சிறு கோடு ஒரு விடை இருக்குமா இருக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது. இதை அலங்கார விதிபோல ஒரு மதிப்பெண்ணுக்குச் சுருக்கிவிட்டோம்.

இந்தக் கணக்கின்மேல் எனக்கு ஒரு குறையும் உண்டு. எண்களை நூலாசிரியர்கள் கவனமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்; மூலை முழு எண்ணில் விழுகிறது. கடையில் இன்னும் ஒரே ஒரு சாமானுக்கு இடம் கிடைத்து 61 ஆகிவிட்டதாகக் கொள்வோம். மூலை (9.75, 51.25)-க்கு நகர்கிறது, லாபம் 6281.25 என்று படம் சொல்கிறது. முக்கால் மேசை வாங்க முடியாது. அருகிலுள்ள முழு எண்களான (10, 51)-க்கு நகர்த்தினால் செலவு 50,500. கையில் அந்தப் பணம் இல்லை. (9, 52) என்றால் லாபம் 6150. ஒவ்வொன்றாகப் பார்த்தால் சிறந்தது பழைய (10, 50)-தான், 6250 ரூபாய். கூடுதலாகக் கிடைத்த இடத்தால் அவருக்கு ஒரு பைசா லாபமும் இல்லை. நிழலிட்ட பகுதி முழுவதும் தீர்வு என்று சொல்லும் படம் இங்கே உண்மையைவிட அதிகமாகச் சொல்லிவிடுகிறது. எண்ணிக்கை பற்றிய கணக்குகளில் தீர்வு நிழல் அல்ல, அந்த நிழலுக்குள் இருக்கும் முழு எண் புள்ளிகள் மட்டுமே. இந்தச் செய்தியை ஒரு பத்தியிலாவது சொல்லாத பாடம் மாணவரை நிஜ உலகுக்குத் தயார் செய்ததாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒன்றும் இல்லாத படமும் ஒரு விடைதான். அதே பன்னிரண்டாம் வகுப்பு நூலில் க + ந ≥ 8, 3க + 5ந ≤ 15 என்ற கட்டுப்பாடுகளுடன், மாறிகள் குறையெண் ஆகா என்ற நிபந்தனையும் சேர்ந்து வரும் கணக்கு ஒன்று இருக்கிறது. வரைந்தால் இரண்டு பகுதிகளும் எங்கும் சந்திப்பதில்லை. தாளில் தப்பு செய்துவிட்டோமோ என்று மாணவர் பதறும் இடம் இது. படம் சொல்வதை இயற்கணிதத்தால் உறுதி செய்யலாம்: முதலாவதை மூன்றால் பெருக்கினால் 3க + 3ந ≥ 24, ந குறையெண் அல்ல என்பதால் 3க + 5ந-வும் குறைந்தது 24, அது 15-ஐத் தாண்டக் கூடாது என்பதோ இரண்டாவது கட்டுப்பாடு. ஒத்துவராத எந்த நேரிய சமனிலித் தொகுப்பிலும், மிகை எண்களால் பெருக்கிக் கூட்டி, இத்தகைய முரண்பாட்டை எப்போதும் வெளிக்கொணர முடியும் என்று ஹங்கேரியரான ஃபார்காஷ் 1902-இல் ஒரு துணைத்தேற்றம் தந்தார். அதற்கும் முன்பே 1820-களில் ஃபூரியே மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கிச் சமனிலித் தொகுப்புகளை ஆராய்ந்தார். வெப்பப் பரவலுக்கும் அலைத்தொடருக்கும் பெயர்பெற்ற அதே ஃபூரியேதான்.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தை இப்போது எடுத்துக்கொள்கிறேன். தாளில் வரையக்கூடியது இரண்டு மாறிகளை மட்டும், மிஞ்சிப்போனால் மூன்று. நடைமுறைக் கணக்குகளில் ஆயிரக்கணக்கான மாறிகள் வரும். அங்கே யாரும் வரைவதில்லை, கணினி பார்த்துக்கொள்ளும். அப்படியிருக்க இந்த வரைபடப் பாடத்துக்கு ஏன் நேரம் செலவழிக்க வேண்டும்?

வாதத்தின் முதல் பாதி முழு உண்மை. 1945-இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் ஒரு கேள்வி எழுப்பினார்: ஒரு மனிதருக்கு வேண்டிய ஒன்பது சத்துகளையும் 77 உணவுப் பொருள்களைக் கொண்டு மிகக் குறைந்த செலவில் தருவது எப்படி? 77 மாறிகளை எந்தத் தாளில் வரைவது? அவர் பொருள்களை ஒவ்வொன்றாகக் கழித்தும் சேர்த்தும் பார்த்து, 1939-ஆம் ஆண்டு விலையில் ஆண்டுக்கு 39.93 டாலர் என்ற விடைக்கு வந்தார். கோதுமை மாவு, முட்டைக்கோஸ், கீரை, காய்ந்த பீன்ஸ், கெட்டியாக்கிய பால் இவ்வளவுதான் உணவு. 1947-இல் ஜார்ஜ் டான்ட்சிக் சிம்ப்ளெக்ஸ் முறையை உருவாக்கியபோது அதைச் சோதித்துப் பார்த்த முதல் பெரிய கணக்குகளில் இதுவும் ஒன்று. ஒன்பது எழுத்தர்கள் கைக்கணக்கி இயந்திரங்களோடு உட்கார்ந்து, மொத்தம் ஏறத்தாழ 120 ஆள்-நாள் உழைத்து, 39.69 டாலர் என்ற சரியான விடையைக் கண்டார்கள். ஸ்டிக்லர் தவறவிட்டது 24 சென்ட் மட்டுமே.

ஆனால் அந்த எழுத்தர்கள் செய்ததன் சாரம் என்ன? பல பரிமாணங்களில் அமைந்த ஒரு தீர்வுப் பகுதியின் ஒரு மூலையிலிருந்து விளிம்பு வழியாக இன்னும் மலிவான அடுத்த மூலைக்கு நகர்வது, மேற்கொண்டு நகர இடமில்லாதபோது நிற்பது. மூலை என்ன, விளிம்பு என்ன, ஏன் மூலையைத் தேடினால் போதும் என்பவற்றுக்கு அர்த்தம் கிடைப்பது வரைபடத்தாளில்தான். 1984-இல் நரேந்திர கர்மார்க்கர் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது வெளியிட்ட முறை விளிம்புகளை விட்டுவிட்டுப் பகுதியின் உட்புறமாகவே விடையை நோக்கிச் செல்கிறது. மேசை நாற்காலிப் படத்தை ஒருமுறை வரைந்த பிள்ளைக்கு இந்த இரண்டு பயணங்களின் வேறுபாட்டையும் விரலால் தொட்டுக் காட்டலாம்; வரையாத பிள்ளைக்கு எப்படிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே வாதத்தின் இரண்டாம் பாதி விழுந்துவிடுகிறது. இந்தப் படம் கணக்கைத் தீர்க்கும் கருவி என்று விற்கப்பட்டால் அது மலிவான கருவி. உருவத்தைப் புரியவைக்கும் படம் என்று கொண்டால் அதற்கு ஈடு இல்லை.

அதனால்தான் 2022-இல் நடந்த பாடச்சுமைக் குறைப்பை என்னால் ஏற்க முடியவில்லை. என்.சி.இ.ஆர்.டி.யின் பதினோராம் வகுப்புக் கணிதத்தில் இரு மாறிச் சமனிலிகளின் வரைபடத் தீர்வும், சமனிலித் தொகுப்புகளின் தீர்வும் நீக்கப்பட்டன. ஒரு மாறிச் சமனிலியும் எண்கோடும் மட்டும் எஞ்சின. பன்னிரண்டாம் வகுப்பில் நேரியல் திட்டமிடல் இருந்துகொண்டே இருக்கிறது. அடித்தளத்தை எடுத்துவிட்டு மாடியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். பெருந்தொற்றுக் காலத்து இழப்பை ஈடுகட்டச் சுமையைக் குறைக்க வேண்டியிருந்தது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் இங்கே சுமை குறையவில்லை, இடம் மாறியது. பொதுத்தேர்வு ஆண்டில், அவசரத்தில், காரணம் சொல்ல நேரமில்லாமல் ஆசிரியர் நான்கு படிகளை ஒப்பிக்கச் செய்வார்; அந்த நான்கு படிகளின் ஆட்சி இன்னும் இறுகும்.

தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு நூலில் இந்தப் பகுதி தப்பியிருக்கிறது. ஆனால் அடிப்படை இயற்கணிதம் என்ற இயலில், விகிதமுறு சார்புகளுக்கும் பகுதிப் பின்னங்களுக்கும் பின்னால் ஓரமாக ஒதுங்கி நிற்கிறது. அங்கே கற்பதற்கும் நேரியல் திட்டமிடலுக்கும் உறவு சொல்ல யாருமில்லை. அறிவியல் பிரிவு மாணவர் வெறும் நிழலோடு நின்றுவிடுகிறார்.

என் தீர்ப்பு இது. இந்தப் பாடம் பள்ளியில் இருக்க வேண்டும், பதினோராம் வகுப்பிலேயே இருக்க வேண்டும். நான்கு படி முறை தவறில்லாதது, ஆனால் முதன்மை இடத்துக்குத் தகுதியற்றது. வளரும் திசையைக் கொண்டு பக்கத்தை முடிவு செய்வதும், ஒரு புள்ளியைக் கொண்டு அதைச் சரிபார்ப்பதும் சேர்ந்து கற்பிக்கப்பட வேண்டும். ஒரு புள்ளி ஏன் போதும் என்ற காரணத்தைச் சொல்லாமல் அதைப் பயன்படுத்தச் சொல்வதைக் கணிதக் கல்வி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. கட்டுப்பாடுகள் பலவாக வரும்போது அம்புக்குறிகளும் ஒற்றை நிழலும் போதும். மூலை அட்டவணையோடு கணக்கை முடித்துவிடுவதை நிறுத்த வேண்டும்.

இந்த மாற்றம் வினாத்தாளிலிருந்து தொடங்கினால்தான் வகுப்பறைக்கு வரும். மேசை நாற்காலிக் கணக்கைக் கொடுத்து, விடையான (10, 50)-ஐயும் வினாத்தாளிலேயே அச்சிட்டுவிடலாம். பிறகு கேட்க வேண்டியது: மேசையின் லாபம் 250-லிருந்து 300 ஆகிறது, வியாபாரி தன் கொள்முதலை மாற்ற வேண்டுமா, புதிதாக வரையாமல் காரணம் கூறுக. அன்று தாளை நீட்டிய மாணவியிடம் சில வாரங்கள் கழித்து இதைக் கேட்டேன். வரைபடத்தின்மேல் பென்சிலைக் கிடத்தி, 4-க்கு 1 என்ற சாய்வுக்கு மெல்லத் திருப்பினாள். பணக்கோட்டின் அம்பைப் பார்த்தாள். “இன்னும் தாண்டல சார், மாத்த வேண்டாம்” என்றாள்.